மின்கத்தியும் தொடையில் ஒட்டும் தகடும்

“மின்சாரத்தால் வெட்டுவார்களாமே, ஷாக் அடிக்காதா?” அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் பலர் எங்களிடம் இவ்வாறு கேட்கின்றனர். நியாயமான கேள்வியே.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதற்கு நரம்பும் தசையும் துடிக்கின்றன; அதுவே ஷாக். மின்கத்தியின் மின்சாரமோ நொடிக்குச் சில லட்சம் முறை அலைகிறது. அத்தனை விரைவுக்கு நரம்புகள் துடிப்பதில்லை. கத்தியின் நுண்முனையில் மின்சாரம் குவியும்போது, அங்குள்ள உயிரணுக்களின் நீர் ஆவியாகித் திசு பிரிகிறது. விட்டுவிட்டுச் செலுத்தினால் திசு உலர்ந்து இரத்தக்கசிவு நிற்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் போவி வடிவமைத்த இத்தகைய கருவியை, மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1926 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார். இரத்தப்போக்கினால் சில நாள்களுக்கு முன்பு பாதியில் நிறுத்தப்பட்ட தலைக்கட்டி அறுவை அன்று நிறைவேறியது.

வெட்டிய மின்சாரம் உடலிலிருந்து வெளியேறவும் வழி வேண்டும். அதற்காகவே தொடை போன்ற சதைப்பற்றுள்ள இடத்தில் ஓர் அகன்ற தகட்டை ஒட்டுகிறோம். பரப்பு பெரிதாதலால் அங்கே வெப்பம் குவிவதில்லை. தகடு பாதி பெயர்ந்தால், எஞ்சிய சிறு பரப்பில் மின்சாரம் நெருங்கித் தோலைச் சுட்டுவிடும். ஆகவே இக்காலத் தகடுகள் இரு பாதிகளாக அமைக்கப்படுகின்றன. இரண்டும் தோலோடு சரியாகப் பொருந்தியுள்ளனவா என்று கருவி இடைவிடாது அளக்கிறது. பொருந்தாவிடில் ஒலி எழுப்பி மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. இந்த எச்சரிக்கை இயங்குகிறதா, வெளிவரும் மின்திறன் சரியா, மின்கசிவு உண்டா என்பவற்றை எங்கள் பொறியாளர்கள் குறித்த காலங்களில் சோதிக்கின்றனர்.

எனினும், தாங்கள் சொன்னால் மட்டுமே எங்களுக்குத் தெரியவரும் செய்திகள் சில உண்டு:

• இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். மின்கத்தியின் மின்சாரம் அதன் இயக்கத்தைக் குழப்பக்கூடும்.

• எலும்பில் பிளேட், செயற்கை மூட்டு போன்ற உலோகம் இருந்தால் கூறுங்கள். தகட்டை வேறிடத்தில் ஒட்டுவோம்.

• மோதிரம், மெட்டி, வெள்ளி அரைஞாண், தாலிச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிக் குடும்பத்தாரிடம் ஒப்படையுங்கள். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள், உலோகமில்லாத மஞ்சள் கயிறு அணியலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

• தகடு ஒட்டவிருக்கும் இடத்தில் எண்ணெயோ களிம்போ பூசாதீர்கள்.

அறுவை முடிந்தபின் தகடு இருந்த இடத்தில் எரிச்சலோ கொப்புளமோ தென்பட்டால், சிறியதென்று விட்டுவிடாமல் உடனே எங்களிடம் காட்டுங்கள்.