பொறிகள் எழுதும் கடிதம்

ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் கடிதத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும், ஒரு சொல் இடம் மாறினாலும், படிப்பவர் கருத்தை உணர்ந்துகொள்வார். எழுதியவரின் உள்ளக் கிடக்கையை ஊகித்தறியும் ஆற்றல் மனிதருக்கு உண்டு. கணிப்பொறியை அவ்வாறு ஊகிக்க விட்டால், பணமும் பெயரும் கைமாறும் இடங்களில் அது தீங்காகவே முடியும். ஆகவே, ஒரு கணிப்பொறி மற்றொரு கணிப்பொறிக்கு விடுக்கும் செய்தியை எவ்வாறு கட்ட வேண்டும் என்பது இன்றைய மாணவர் அறியவேண்டிய பாடங்களுள் ஒன்றாகிவிட்டது. மாணவ நண்பர்களே, அதனையே இன்று எடுத்துக்கொள்வோம்.

வலையின் வழியே ஒரு வேலையைச் செய்து தரும் நிரலுக்கு வலைச் சேவை என்று பெயர். அதனிடம் சென்று கேட்கும் நிரலைக் கிளையண்ட் என்பர். நாம் 'கேட்கும் நிரல்' என்று சொல்லிக்கொள்வோம். இவ்விரண்டும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கணிப்பொறி மொழிகளில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். இரண்டுக்கும் பொதுவான ஓர் எழுத்து முறை வேண்டும் அன்றோ? அவ்வாறு அமைந்த முறைகளுள் ஒன்றே எக்ஸ்.எம்.எல். 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி என்னும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதனை வெளியிட்டது. செய்தியை உறையிலிட்டு அனுப்பும் சோப் என்னும் முறை இதன்மேல் எழுந்தது, அதன் 1.2 பதிப்பு 2003இல் தரமாக ஏற்கப்பட்டது. ஓர் உறை, அதனுள் விரும்பினால் ஒரு தலைப்பகுதி, கட்டாயமாக ஓர் உடற்பகுதி என்பதே சோப் செய்தியின் அமைப்பு.

பின்னாளில் ஜேசன் என்னும் எளிய முறை பரவியது உண்மையே. ஆயினும் எக்ஸ்.எம்.எல். வழக்கொழிந்துவிடவில்லை. 2016இல் நம் நாட்டில் தொடங்கிய யூ.பி.ஐ. பணப்பரிமாற்றத்தில், வங்கிகளுக்கும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்துக்கும் இடையே செல்லும் செய்திகள் எக்ஸ்.எம்.எல்.லில் அமைந்தவையே. தேநீர்க் கடையில் பத்து ரூபாய் செலுத்தும்போதும் இத்தகைய கடிதங்கள் கண்ணிமைப் பொழுதில் போய் வருகின்றன.

இதன் இலக்கணம் எளியது. ஒவ்வொரு செய்திக் கூறும் ஒரு தொடக்கக் குறிக்கும் ஒரு முடிவுக் குறிக்கும் நடுவே நிற்கும். அக்குறிகளின் பெயர்களைத் தமிழிலும் வைக்கலாம். தரம் அதனை அனுமதிக்கிறது. எழுதிக் காட்டினால் இவ்வாறு இருக்கும்:

<மாணவர்><பெயர்>கயல்விழி</பெயர்><வகுப்பு>10</வகுப்பு></மாணவர்>

பெட்டிக்குள் பெட்டி வைப்பதுபோல, உள்ளே திறந்ததை உள்ளேயே மூட வேண்டும். வெளிப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்றுதான். இவ்விதிகளுள் ஒன்று மீறப்பட்டாலும், படிக்கும் நிரல் தானாகத் திருத்திக்கொண்டு மேலே செல்லக்கூடாது என்பது தரத்தின் கட்டளை. பிழையான வலைப்பக்கத்தை உலாவி எப்படியேனும் ஒப்பேற்றிக் காட்டும். எக்ஸ்.எம்.எல். அவ்வாறு இரக்கம் காட்டுவதில்லை; அக்கண்டிப்பே அதன் பெருமை.

இனி, செய்தியைக் கட்டும் வழிகளுக்கு வருவோம். வழிகள் இரண்டு. குறிகளையும் பயனர் தந்த சொற்களையும் துண்டு துண்டாக ஒட்டி நீண்ட ஒரே சரமாக்குவது முதல் வழி. செய்தியை வேரும் கிளையுமாக ஒரு மரம்போல நினைவகத்தில் அமைத்து, அம்மரத்தை எழுத்தாக்கும் வேலையை அதற்கெனவே உள்ள கருவியிடம் விடுவது இரண்டாம் வழி. புதியவர்கள் முதல் வழியையே நாடுகின்றனர். அது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் அதில் இரு கேடுகள் மறைந்துள்ளன.

ஒரு கடையின் பெயர் 'முத்து & சன்ஸ்' என்று கொள்வோம். '&' என்பதும் '<' என்பதும் எக்ஸ்.எம்.எல்.லில் தனிப்பொருள் கொண்ட குறிகள். அவற்றை அப்படியே செய்தியினுள் ஒட்டினால், படிக்கும் நிரல் அவ்விடத்திலேயே நின்றுவிடும். '&' வரவேண்டிய இடத்தில் அக்குறியை அடுத்து ஏ, எம், பி என்னும் மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்த்து எழுத வேண்டும் என்பது விதி. நூறு கடைகளுக்குச் சரியாக ஓடிய நிரல் நூற்றோராவது கடையில் நின்றுபோவதற்கு இத்தகைய ஒரு குறி போதும்.

இரண்டாம் கேடு இதனினும் கொடியது. தொகையும் குறிப்பும் கொண்ட ஒரு கட்டணச் செய்தியை எண்ணிப் பாருங்கள். தொகை 100 ரூபாய். குறிப்புக்கான இடத்தில் ஒரு வஞ்சகன் 'வாடகை</குறிப்பு><தொகை>1</தொகை><குறிப்பு>' என்று எழுதிவிடுகிறான். நிரல் அதனை அப்படியே ஒட்டினால் நிகழ்வது என்ன? குறிப்பு இடையிலே மூடப்படுகிறது; புதிதாக ஒரு தொகை முளைக்கிறது; எஞ்சிய குறியும் ஒழுங்காக மூடப்படுகிறது. இலக்கணப் பிழை ஏதுமில்லை! இரு தொகைகளுள் பிந்தியதை ஏற்கும் சேவை ஒரு ரூபாயையே கணக்கில் கொள்ளும். மரமாகக் கட்டினால் இந்த வஞ்சம் பலிக்காது. வஞ்சகன் எழுதிய குறிகளைக் கருவி வெறும் எழுத்துகளாகவே மாற்றி எழுதும். மறுமுனையிலும் அவை குறிப்பின் பகுதியாகவே படிக்கப்படும். பிறர் தந்த சொல் செய்தியின் உள்ளடக்கமாக இருக்கலாம். செய்தியின் அமைப்பைத் தீர்மானிக்க அதற்கு இடம் தரலாகாது. இன்றைய பேச்சில் நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டிய வாக்கியம் இதுவே.

அடுத்தது எழுத்துக் குறிமுறை. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது ஐந்து குறியெண்கள். யூ.டி.எஃப்-8 முறையில் எழுதும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெற, மொத்தம் 15 பைட்டுகள். செய்தியின் நீளத்தை அறிவிக்கும்போது பைட்டுகளையே எண்ண வேண்டும். ஐந்து என்று அறிவித்தால் செய்தியின் வால் அறுபட்டுப்போகும். முதல் வரியில் எந்தக் குறிமுறையை அறிவிக்கிறோமோ, அதிலேயே செய்தி முழுவதையும் எழுதவும் வேண்டும்.

இது சிறு செய்தி என்று எண்ணற்க. நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், மாணவர் பட்டியல் ஒன்று கணிப்பொறி வழியாக ஓர் அலுவலகத்துக்குச் சென்று, பெயர்களெல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளாய்த் திரும்பி வந்தது. இடையிலிருந்த ஏதோ ஒரு நிரல், தமிழுக்கு இடமில்லாத குறிமுறையில் அதனை எழுதிவிட்டிருந்தது. ஒரு மாணவியின் தந்தை இரண்டு நாள் கூலியை இழந்து அலைந்த பிறகே அவள் பெயர் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. பைட்டு என்பது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

எண்ணும் நாளும் எழுதுவதிலும் ஒழுங்கு உண்டு. எக்ஸ்.எம்.எல். திட்டவரைவின் பதின்ம எண் வகையில் காற்புள்ளிக்கு இடமில்லை. 1,50,000 என்பதை 150000 என்றே எழுத வேண்டும். நாளை எழுதும்போது ஆண்டு, திங்கள், நாள் என்ற வரிசையில் 2024-03-05 என்று எழுத வேண்டும். 05-03-2024 என்று எழுதினால், அதனை ஒருவர் மார்ச் 5 என்றும் மற்றொருவர் மே 3 என்றும் படிக்க இடமுண்டு. செய்தியில் மின்கையொப்பம் இடுவதாயின், அதனை இறுதியிலேயே இட வேண்டும். கையொப்பமிட்ட பின், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று உள்ளே ஒரு வெற்றிடத்தைச் சேர்த்தாலும் கையொப்பம் பொருந்தாது போகும். பத்திரத்தில் கையெழுத்தான பின் அதன் வாசகத்தில் யாரேனும் கை வைப்பதுண்டோ?

மாணவ நண்பர்களே, கேட்டதை மட்டும் கொண்டு பாடம் நிலைப்பதில்லை. செய்து பார்க்க வேண்டும். பைத்தானிலோ ஜாவாவிலோ, மரமாகக் கட்டும் கருவிகள் மொழியோடு சேர்ந்தே கிடைக்கின்றன. 'முத்து & சன்ஸ்' என்ற பெயரை வைத்து ஒரு செய்தியை முதலில் ஒட்டுமுறையில் கட்டி, மீண்டும் படித்துப் பாருங்கள்; அது எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கருவியைக் கொண்டு யூ.டி.எஃப்-8 முறையில் எழுதிப் படியுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், இவ்வளவு நேரம் நான் சொன்னதை அந்த இரண்டு வரிகளே உங்களுக்குத் தெளிவாக உணர்த்திவிடும்.