புல்வெட்டும் எஞ்சினும் இருபது மில்லி எண்ணெயும்

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்தால் போதும். தாம்பரம் வட்டாரத்துக் காலி மனைகளெல்லாம் இடுப்பளவு புல்லால் மூடிக்கொள்ளும். சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் என எங்கு போனாலும், நீண்ட குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரும் இரைச்சலுடன் புல் வெட்டும் ஆட்களைக் காணலாம். இந்த இயந்திரத்தைப் 'பிரஷ் கட்டர்' என்கிறார்கள். சுழலும் நைலான் நரம்பால் புல்லை அறுக்கலாம் என்று 1971இல் செய்து காட்டியவர் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பாலஸ். கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைக் கண்டபோது அவருக்கு அந்த யோசனை பிறந்தது. நாம் இங்கு பார்க்கப் போவது நரம்பை அல்ல, அதைச் சுழற்றும் சிறிய எஞ்சினை.

எங்கள் தெருவுக்குப் புல் வெட்ட வரும் இளைஞர் இந்த இயந்திரத்தைக் கடன் பட்டு வாங்கியவர். புகை கண்ணை எரிக்கவே, "தம்பி, பெட்ரோலில் எண்ணெயைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்" என்றேன். இயற்பியல் ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் குறைத்தார். நான்காம் நாள் எஞ்சின் கிறீச்சிட்டு நின்றது. மெக்கானிக் கழற்றிக் காட்டிய பிஸ்டனில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். புதுப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நான் பணம் கொடுத்தேன். ஐந்து நாள் கூலியையும் சேர்த்துக் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார்.

நான் செய்த தவறு என்ன?

இத்தகைய இயந்திரங்களில் பெரும்பாலானவை இருவீச்சு எஞ்சின்கள். கார் எஞ்சினில் எண்ணெய் அடியில் தனித் தொட்டியில் கிடக்கும். பெட்ரோல் அங்கே போவதில்லை. இருவீச்சு எஞ்சினிலோ பிஸ்டன் மேலே ஏறும்போது, அதன் கீழுள்ள அறையில் அழுத்தம் குறைந்து, காற்றும் பெட்ரோலும் அதற்குள் இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டுப் பக்கத்துத் துளை வழியாக மேலே பாய்கிறது. பிஸ்டனின் அடிப்பக்கத்தையே பம்பாகப் பயன்படுத்தும் இந்த உத்தி, 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே தந்தது. கலவை ஓடும் பாதையில் எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாதல்லவா? ஆகவே பெட்ரோலிலேயே எண்ணெயைக் கரைத்து அனுப்புகிறோம். பெட்ரோல் ஆவியாகிவிடும், எண்ணெய் உலோகத்தின் மேல் படலமாகத் தங்கும். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

இப்போது சிறு கணக்கு. முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,000 முறை சுழலும். அதாவது விநாடிக்கு 150 முறை. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சென்டிமீட்டர் ஏறி, மூன்று சென்டிமீட்டர் இறங்குவதாகக் கொண்டால், விநாடிக்கு 9 மீட்டர் உராய்ந்து செல்கிறது. மணிக்கு 32 கிலோமீட்டர்! இந்த உராய்வைத் தாங்குவது அந்த மெல்லிய படலந்தான். அது அறுந்தால் சூடேறி விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

பல இயந்திரங்களுக்கு விகிதம் 50க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25க்கு 1 கேட்பவையும் உண்டு; அவற்றுக்கு 40 மில்லி. இயந்திரத்துடன் வரும் புத்தகம் சொல்வதே கணக்கு. அப்படியானால் புகை எதனால்? மெக்கானிக் ஒரே கேள்வியில் கண்டுபிடித்தார். இளைஞர் கலந்தது கார் எஞ்சின் எண்ணெய்! அளவு சரி, இனம் தவறு. இருவீச்சு எஞ்சினுக்கான எண்ணெய், பெட்ரோலுடன் எரிந்து போவதற்கென்றே செய்யப்படுவது. கரியும் சாம்பலும் குறைவாக விடும்.

எஞ்சினுக்குள் நடப்பதை ஸ்பார்க் பிளக்கே சொல்லிவிடும். கழற்றிப் பாருங்கள். முனை வறண்டு பழுப்பாக இருந்தால் நலம். ஈரமும் கருமையும் இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது; வடிகட்டியின் பஞ்சைச் சோப்பு நீரில் அலசி நன்றாக உலர்த்த வேண்டும். வெளுத்திருந்தால் எச்சரிக்கை: எஞ்சின் மிகையாகச் சூடாகிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் புல்தூள் அடைத்திருந்தாலும் சூடு வெளியேறாது; ஒரு பழைய பல்துலக்கி போதும். கயிற்றை இழுத்தும் எஞ்சின் கிளம்பாதபோது, பிளக் வறண்டிருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். நனைந்திருந்தால் பெரும்பாலும் மின்பொறியில்தான் கோளாறு.

அந்தப் பொறிக்குப் பாட்டரி கிடையாது. சுழல்சக்கரத்தில் பதித்த காந்தம் ஒரு கம்பிச்சுருளைக் கடந்து விரைகிறது. 1831இல் பாரடே கண்ட மின்தூண்டல் பல ஆயிரம் வோல்ட்டைப் பிறப்பிக்கிறது. காந்தத்துக்கும் சுருளுக்கும் இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டர்தான். மெக்கானிக்குகள் விசிட்டிங் கார்டைச் செருகி அளப்பார்கள். எங்கள் ஆய்வகத்தில் இவ்வளவு மலிவான அளவி இல்லை!

தை பிறந்து புல் காய்ந்ததும் இயந்திரம் மூலைக்குப் போகும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. இன்று நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் உண்டு. எத்தனால் நீரை விரும்பி ஏற்கும். மழையில் மூடி திறந்து நீர் இறங்கியிருந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனிப்படலமாகத் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. ஆகவே தொட்டியைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஆறியபின் பிளக்கைக் கழற்றி, துளையில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டி வையுங்கள். எங்கள் தெரு இளைஞர் இந்தத் தையில் அதைத்தான் செய்தார். இம்முறை என்னிடம் கேட்கவில்லை, மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டார்.