பாஷாணத்தைப் பிடிக்கும் துரு

குடிதண்ணீர் என்றதும் நம் வீடுகளில் இரண்டு யோசனை சொல்வார்கள். காய்ச்சிக் குடி, கலங்கல் இல்லாவிட்டால் பயமில்லை. காய்ச்சுவது கிருமிகளுக்குச் சரி. ஆனால் வங்காளத்துக் குழாய்க் கிணற்றில் ஆர்சனிக் என்னும் பாஷாணம் இருந்தால் இரண்டும் உதவாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், நஞ்சு குறையாது.

1983-ல் கல்கத்தா ஸ்கூல் ஆஃப் ட்ராபிகல் மெடிசினுக்கு, உள்ளங்கை தடித்து, உடம்பில் கரும்புள்ளிகளோடு 24 பர்கானா கிராமத்து மக்கள் வந்தார்கள். குடிதண்ணீரில் உள்ள ஆர்சனிக்தான் காரணம் என்று கண்டவர் தோல் மருத்துவர் கே.சி. சாஹா. பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகத் தண்ணீரைச் சோதித்து, பல மாவட்டங்களில் இது பரவியிருப்பதை வெளிக்கொணர்ந்தார். நாள்பட அருந்தினால் புற்றுநோய் வரை கொண்டுபோகும் நஞ்சு இது.

இதை யாரும் கலக்கவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பூமிக்கடியில் காற்றுப்படாத இடத்தில் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைக்க, ஆர்சனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கிறது. குளத்து நீரால் வரும் காலராவுக்கும் பேதிக்கும் பயந்து கிணறு தோண்டிய இடத்தில் இப்படி ஒரு சோதனை!

அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் அரூப் சென்குப்தாவும், ஹௌரா சிப்பூரிலுள்ள பெங்கால் எஞ்ஜினியரிங் கல்லூரியினரும் 1997 முதல் கிராமங்களில் அமைத்த சாதனம், எஞ்ஜினியர் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது. அடிபம்போடு இணைந்த ஓர் உருளை. மின்சாரம் வேண்டாம். உள்ளே சுமார் 100 லிட்டர் ஆக்டிவேட்டட் அலுமினா குருணை. 200, 300 குடும்பங்களுக்குத் தண்ணீர் தரும்.

உருளையின் மேல்பகுதியில் தண்ணீர் சிதறிக் காற்றோடு கலக்கிறது. கரைந்திருந்த இரும்பு மறுபடி துருவாகி, ஆர்சனிக்கைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. எந்தத் துரு கரைந்து நஞ்சை விட்டதோ, அதே துருதான் இங்கே வைத்தியம். அதையும் தப்பி வருவதை அலுமினா பிடிக்கிறது.

நீராவி எஞ்ஜின் காலத்தில் உத்தியோகத்தில் சேர்ந்தவன் நான். பாய்லரில் காறை படியாமலிருக்கத் தண்ணீரை மென்மையாக்கும் சாதனங்கள் உண்டு. சக்தி தீர்ந்த சரக்கை எறிந்துவிடாமல், உப்புநீர் விட்டுக் கழுவி மறுபடி பயன்படுத்துவார்கள். இங்கும் அதே தத்துவம். உப்புநீருக்குப் பதில் காஸ்டிக் சோடா. கழுவி எடுத்த நஞ்சைக் கண்ட இடத்தில் கொட்டுவதுமில்லை. காற்றோட்டமுள்ள மணல் படுகையில் தேக்கி வைக்கிறார்கள். காற்றுப்படாமல் புதைத்தால் மறுபடி கரைந்து ஓடுமல்லவா?

2007-ல் அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் பரிசுப் போட்டியில் சென்குப்தா குழுவுக்கு வெள்ளி விருது கிடைத்தது. நமது சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் டி. பிரதீப்பும், இரும்பை அடிப்படையாகக் கொண்ட நானோ பொருளால் 'அம்ருத்' என்னும் முறையை உருவாக்கினார். அதுவும் மேற்கு வங்கத்தில் பயன்பட்டது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

ஆனால் விஞ்ஞானி செய்து கொடுத்தால் மட்டும் போதுமா? பல இடங்களில் வைத்த சுத்திகரிப்புச் சாதனங்கள் பராமரிப்பின்றி நின்றுபோயின. சென்குப்தாவின் திட்டத்தில் கிராமத்தாரே கமிட்டி அமைத்து, வீட்டுக்கு வீடு சிறு மாதச் சந்தா வாங்கி, அடிக்கடி உருளையைக் கழுவினார்கள். ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: வண்டி ஓடுவது கண்டுபிடித்தவரால் மட்டுமல்ல, தினம் எண்ணெய் விடுகிறவராலும்தான்.

நகரில் பல்தா நீரேற்று நிலையத்திலிருந்து வரும் சுத்திகரித்த ஹூக்ளி நீரைக் குடிப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் பாருய்பூர், சோனார்பூர், பாராசாத் என்று புறநகரில் வீடு வாங்கி, சொந்த போர்வெல்லை நம்பியிருக்கும் அன்பர்கள் ஒரு தடவையாவது தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மாநிலப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறைக்குச் சோதனைச் சாலைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்; அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கோ நாக்குக்கோ அது அகப்படாது. சோதனைச் சாலைக்குத்தான் அகப்படும்.