கையசைத்தால் ஆடும் கணினி!

அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு முன்னர் திருப்பூர் காதர்பேட்டைச் சந்துகளில் அது பிள்ளைகளின் நேரமாக இருந்தது. கில்லியும் பம்பரமும் ஓட்டமுமாக வியர்த்துத்தான் வீடு திரும்புவார்கள். இன்றோ அதே சந்தில் பனியன் மூட்டை ஏற்றிய வண்டிகள் நிற்கின்றன. ஒன்றரை ஷிப்டு முடித்து அத்தா வருவதற்குள் இரவாகி விடுகிறது. அம்மா பிசிர் வெட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளையோ மூலையில் அமர்ந்து செல்போனில் கட்டை விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறது.

இது நம் ஊர்க் கவலை மட்டுமன்று. 2016ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு உலக சுகாதார நிறுவனத்தினர் செய்து, 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 11 முதல் 17 வயது வரையிலான ஆண் பிள்ளைகளில் 100க்கு 78 பேரும், பெண் பிள்ளைகளில் 85 பேரும் போதிய உடலுழைப்பு இன்றி இருப்பதாகக் கூறியது. நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்பதே அந்நிறுவனத்தின் அறிவுரை. பருவமெய்திய பின் தெருவில் இறங்கி விளையாடாத நம் பெண்மக்கள் அந்த 60 நிமிடத்திற்கு எங்கே போவார்கள்?

முள்ளை முள்ளால்

விளையாட வைக்கும் திரையே உடலையும் அசைக்க வைத்தால் என்ன? இவ்வெண்ணம் புதிதன்று. மைரன் குரூகர் என்ற அமெரிக்கர் 1970களிலேயே, கேமராவின் முன் நிற்பவரின் நிழலுருவோடு திரை விளையாடும் 'வீடியோபிளேஸ்' என்ற அமைப்பை உருவாக்கினார். 2003இல் சோனி நிறுவனம் 'ஐடாய்' கேமராவையும், 2010இல் மைக்ரோசாஃப்ட் 'கினெக்ட்' கருவியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. அவை விலை மிகுந்தவை. இன்று கேமரா உள்ள மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தால், உங்கள் மகளே இத்தகைய விளையாட்டைச் செய்துவிடலாம்.

எப்படி இயங்குகிறது?

கேமரா நொடிக்கு ஏறத்தாழ 30 படங்களை எடுக்கிறது. ஒவ்வொரு படமும் புள்ளிகளின் தொகுப்பு. முந்தைய படத்தின் புள்ளிகளையும் அடுத்த படத்தின் புள்ளிகளையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. எங்கே வேறுபாடு தெரிகிறதோ அங்கே அசைவு நிகழ்ந்துள்ளது என முடிவு செய்கிறது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2007இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' என்ற இலவச மென்பொருளில், 2013 முதல் இவ்வசதி உண்டு. கட்டளைக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்துவதே வேலை. திரையில் மேலிருந்து பனியன்கள் விழட்டும். பனியன் இருக்கும் இடத்தில் அசைவு 10ஐத் தாண்டினால் ஒரு புள்ளி கூடட்டும். நல்ல பீஸ் வலப்பக்கம், டேமேஜ் பீஸ் இடப்பக்கம் என விழச் செய்தால், திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு அது நம் வீட்டு விளையாட்டாகி விடும்!

ஆனால் பிள்ளைகள் சூட்சுமக்காரர்கள். அமர்ந்தபடியே கையை ஆட்டிப் புள்ளிகளைக் குவிப்பார்கள். ஆதலால் சில பொருள்களைக் குதித்தால் மட்டும் எட்டும் உயரத்திலும், சிலவற்றைக் குனிந்தால் மட்டும் எட்டும் தாழ்விலும் வையுங்கள். ஆறடி தள்ளி நிற்கச் செய்யுங்கள். சுழலும் மின்விசிறியும் ஆடும் திரைச்சீலையும் கேமராவுக்கு அசைவாகவே தெரியும்; அவை படத்தில் விழாதிருக்கட்டும். முகத்தில் வெளிச்சம் படட்டும். ஒரு நிமிடம் ஆட்டம், அரை நிமிடம் ஓய்வு என அமைப்பது நலம்.

கேமரா என்றதும் எழும் அச்சம்

வீட்டுப் பெண்கள் ஆடுவதைக் கேமரா பார்க்கலாமா என்று நீங்கள் கேட்பது நியாயமே. இங்கே படங்களைச் சேமிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒப்பிட்டதும் அவற்றின் வேலை முடிந்தது. ஸ்கிராட்சை ஒருமுறை கணினியில் இறக்கிக்கொண்டால் இவ்விளையாட்டு இணைய இணைப்பின்றியே இயங்கும். எனவே இணைப்பைத் துண்டித்துவிட்டே ஆடுங்கள். முடிந்ததும் கேமராவை ஒரு துண்டுக் காகிதத்தால் மூடிவிடுங்கள். யாரோ செய்த செயலியை நம்புவதைக் காட்டிலும், உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்து நாமே செய்வது பாதுகாப்பானது அல்லவா?

அளவறிந்து ஆடுக

இதை மாமருந்தென்று மயங்கிவிடவும் கூடாது. லிவர்பூல் ஆய்வாளர்கள் 11 பிள்ளைகளைக் கொண்டு செய்த சிற்றாய்வு ஒன்று 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. உடலை அசைத்து ஆடும் கணினி விளையாட்டில், அமர்ந்து ஆடுவதைவிட அதிக ஆற்றல் செலவாகிறது. எனினும் உண்மையான விளையாட்டுக்கு அது ஈடாகாது என்பதே அதன் முடிவு. வெளியே ஓட இடமிருந்தால் பிள்ளை ஓடட்டும். இடமில்லாத வீட்டிற்கு இது ஒரு சாளரம்.

தாய்மார்களே! நாளெல்லாம் குனிந்து தைத்த தோள்களுக்கும் இரு கைகளை உயர்த்தும் ஓர் ஆட்டம் தேவைதான். இன்று மாலை கத்திரியைச் சற்று வைத்துவிட்டு மகளருகே நின்று பாருங்கள். விழும் பனியனைப் பிடிக்க இருவரும் ஒன்றாகக் குதிக்கும்போது எழும் சிரிப்பொலி, வீட்டில் நெடுநாளாகக் கேட்காத ஒன்றாகக்கூட இருக்கலாம்.