ஊர்விட்டு ஊர் போன அருங்காட்சியகம்

2005-இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றுத் துறைமேடை ஒன்றில் நோமாடிக் மியூசியம் எழுந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் 148 கப்பல் கன்டெய்னர்களைச் சதுரங்கப் பலகைபோல் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கிச் சுவர் அமைத்தார். இடைவெளிகளைத் துணிப்படலம் மூடியது. கூரையைத் தாங்கியவை, வியப்பாக, காகிதக் குழாய்த் தூண்கள். கன்டெய்னரின் பாரம் நான்கு மூலைக் கம்பங்களில் இறங்குவதால் இப்படி இடம்விட்டு அடுக்கினாலும் உறுதி குலையாது. அளவும் உலகெங்கும் பொது. வேண்டிய பெட்டிகளை அந்தந்த ஊரிலேயே வாடகைக்கு எடுக்கலாம். 2006-இல் சாண்டா மோனிகாவிலும் 2007-இல் டோக்கியோவிலும் அதே அருங்காட்சியகம் மீண்டும் எழுந்தது. 2011 சுனாமிக்குப் பின் இந்த அடுக்குமுறை அதைவிடப் பெரிய பணிக்கு வந்தது: சமதரை அரிதான ஜப்பானின் ஒனகாவாவில், மூன்று தளம் வரை உயர்ந்த 189 தற்காலிக வீடுகள்.