மஞ்சள் மறைந்தால் நோய் மறைந்ததா?



நம் காஞ்சிபுரத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். கீழாநெல்லியைப் பறித்து வந்து, அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெயும் காரமும் கூடாது என்று பத்தியம் வைப்பார்கள். சிலர் மந்திரிக்கவும் அழைத்துப் போவார்கள். சில வாரங்களில் கண் வெளுக்கும், பசி எடுக்கும், ஆள் மறுபடியும் தறியில் உட்காருவார். "காமாலை இறங்கிவிட்டது" என்று வீடே நிம்மதி அடையும்.

பலருடைய விஷயத்தில் இந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் சிலருடைய உடலில் மஞ்சள் இறங்கிய பிறகும் கிருமி தங்கிவிடுகிறது. அவர்கள் 20, 30 ஆண்டுகள் நலமாகவே நடமாடுகிறார்கள். ஒருநாள் வயிறு வீங்கியோ, இரத்த வாந்தி எடுத்தோ மருத்துவமனைக்குப் போகும்போது, கல்லீரல் சுருங்கிவிட்டது என்றோ, புற்றுநோய் வந்துவிட்டது என்றோ மருத்துவர் சொல்கிறார். இன்னும் பலருக்கு மஞ்சள் காமாலை வந்ததே இருக்காது. இரத்த தான முகாமில் கொடுத்த இரத்தத்தைச் சோதித்தபோதுதான் அவர்களுக்கே தெரியவருகிறது. எனவே இதைப் பற்றி நாம் தெளிவாக அறிந்திருப்பது அவசியம்.

எல்லாக் காமாலையும் ஒன்றல்ல

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. அது ஓர் அடையாளம். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் முக்கியமானவை ஏ, பி, சி, டி, இ என ஐந்து. இவற்றில் ஏ, இ ஆகிய இரண்டும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுகின்றன. பெரும்பாலோருக்கு இவை சில வாரங்களில் தாமாகவே குணமாகிவிடும். ஆனால் இ வகை கருவுற்ற தாய்மாரின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை மறக்கக் கூடாது.

பி, சி வகைகள் வேறு. இவை இரத்தத்தின் வழியாகப் பரவுகின்றன: சுத்தம் செய்யாத ஊசி, சோதிக்கப்படாத இரத்தம், பலருக்கும் பயன்படுத்தும் சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றால் வரலாம். பி வகை உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். பி வகை பெரியவர்களைத் தாக்கினால் 100 பேரில் ஏறத்தாழ 95 பேரின் உடல் அதைத் தானே வென்றுவிடும். ஆனால் பிறந்த குழந்தையைத் தாக்கினால் 100 பேரில் ஏறத்தாழ 90 பேருக்கு அது வாழ்நாள் முழுதும் தங்கிவிடும்.

இப்போது ஓர் உண்மை நமக்கு விளங்குகிறது. தானாகவே குணமாகும் நோய்க்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்த மருந்துக்கே பெயர் கிடைக்கும். கீழாநெல்லி கேட்டவருக்கும் குணமாகும், மந்திரித்தவருக்கும் குணமாகும். தானாகக் குணமாகாத நோயில்தான் ஒரு மருந்தின் உண்மையான வலிமை தெரியும்.

சென்னையில் நடந்த ஆய்வு

அந்தச் சோதனையைச் செய்தவர்கள் நம் தமிழகத்து ஆய்வாளர்களே. அமெரிக்க அறிவியலாளர் பரூக் புளூம்பெர்க் 1960களில் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கண்டறிந்தார். அதற்காக 1976ல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவரோடு இணைந்து, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் கீழாநெல்லியை ஆராய்ந்தார். பி வைரஸ் நிலையாகத் தங்கிவிட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடியையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மருந்தையும் 30 நாட்கள் கொடுத்தார்கள். 1988ல் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வெளிவந்தன. கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் காணப்படவில்லை. மற்றப் பிரிவிலோ 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது.

உலகமே திரும்பிப் பார்த்தது. நம் வேலியோரம் முளைக்கும் செடி இத்தனை பேரைக் காப்பாற்றுமா என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் அறிவியல் ஒரு சாட்சியோடு நின்றுவிடுவதில்லை. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் மும்பையிலும் அதே கேள்வியை மீண்டும் சோதித்தார்கள். அங்கெல்லாம் சென்னையில் கண்ட பலன் கிட்டவில்லை. செடியின் வகையும் விளைந்த மண்ணும் பறித்த காலமும் வேறுபட்டதால் இருக்கலாம் என்று சிலர் விளக்கினார்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்த கோக்ரேன் அறிக்கை 2011ல் வெளிவந்தது. நாள்பட்ட பி வகை நோய்க்குக் கீழாநெல்லி பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

இதைக் கேட்டு நம் முன்னோரின் மருத்துவ அறிவை இகழத் தேவையில்லை. மண்ணிலிருந்து மருந்துகளைத் தந்தவர் ஆண்டவரே என்றும், மருத்துவரை மதிக்க வேண்டும் என்றும் சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. மூலிகையும் இறைவனின் கொடை. அதைச் சோதித்தறியும் அறிவும் இறைவனின் கொடையே. ஒன்றைப் பெற்றுக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவது முறையல்ல. நம் ஊரில் ஜரிகை பளபளக்கிறது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிடுகிறோமா? வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்துத்தானே விலை பேசுகிறோம்? புடவைக்குச் செய்வதை உயிருக்குச் செய்யக் கூடாதா?

"குருக்களிடம் போய்க் காட்டுங்கள்"

லூக்கா நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர்கள் இயேசுவிடம் வருகிறார்கள். அவர் அவர்களைக் குருக்களிடம் போய்க் காட்டும்படி அனுப்புகிறார். குணமானதைப் பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்பது மோசேயின் சட்டம். குணமளிக்கும் வல்லமை உடைய இறைமகனே, அந்தப் பரிசோதனையைத் தேவையற்றது என்று ஒதுக்கவில்லை. நோயுற்றவர் மீண்டும் குடும்பத்தோடும் ஊரோடும் சேர்ந்து வாழ அது வழிசெய்தது. நம் காலத்தில் அந்தப் பணியைச் செய்வது இரத்தப் பரிசோதனை. செபித்துவிட்டுச் சோதித்துக்கொள்வது விசுவாசக் குறைவு ஆகாது.

இன்று நமக்குக் கிடைத்திருப்பவை

நம்பிக்கை இழக்கக் காரணமே இல்லை. பி வகைக்குச் சிறந்த தடுப்பூசி இருக்கிறது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997ல் அதை இந்தியாவிலேயே தயாரித்து வெளியிட்ட பிறகு ஏழைகளுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. 2011ல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் நாடு முழுவதும் இடம்பெற்றது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசியும், பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் மற்றவையும் போடப்படுகின்றன. தாய்க்குப் பி வகை இருந்தால் பிள்ளைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். 1984லேயே குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கிய தைவான் நாட்டில், பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனையின் வாசலைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஓர் ஊசி புற்றுநோயைத் தடுக்கும் என்பது எவ்வளவு பெரிய நற்செய்தி!

ஏற்கெனவே பி வகை தங்கிவிட்டவர்கள் எல்லாருக்கும் மருந்து தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்வார். டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் கிருமியை அடக்கி வைக்கும். ஆனால் தாமாக நிறுத்தக் கூடாது. சி வகையோ, பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே 100க்கு 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறது. சி வைரஸைக் கண்டறிந்த மூவருக்கு 2020ல் நோபல் பரிசு கிடைத்தது. 2018ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியாகப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இவ்வளவு இருந்தும், உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ல் இந்தியாவில் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர் பி வகையோடும், 55 லட்சம் பேர் சி வகையோடும் வாழ்ந்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. மருந்து இருந்தும் உயிர் போகிறது என்றால், இடையில் நிற்பது அறியாமையும் அச்சமுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு இரண்டு வாரத்திற்குப் பின்னும் மஞ்சள் தொடர்ந்தாலோ, மலம் வெளுத்துப் போனாலோ, கைமருந்து பார்க்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அந்நோயுற்ற நம் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை நடந்தது. இந்தியாவில் குழந்தைக்குச் செய்யப்பட்டு வெற்றியடைந்த முதல் கல்லீரல் மாற்று அதுவே. தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தவர் குழந்தையின் தந்தை. அந்தப் பிள்ளை வளர்ந்து பின்னாளில் மருத்துவரானார். தன்னையே பகிர்ந்து கொடுக்கும் அன்பு எத்தகையது என்பதை நற்கருணையில் காணும் நமக்கு, இந்தத் தந்தையின் செயல் அந்நியமானது அல்ல.

நாம் செய்யக்கூடியவை

ஒருநாள் தறி நின்றால் ஒருநாள் கூலி போகும் என்ற கவலையில்தான் பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கவலையை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டும். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுவோம். வின்சென்ட் தே பவுல் சபையினர், தனியாகப் போகத் தயங்குகிறவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். கருவுற்ற தாய்மார் பி வகைப் பரிசோதனை செய்தார்களா, பிள்ளைக்கு முதல் நாளே ஊசி போட்டார்களா என்று பெண்கள் சங்கத்தார் விசாரிக்கலாம். குடிப்பழக்கம் உள்ளவருக்கு இந்த வைரஸும் சேர்ந்தால் கல்லீரல் விரைவில் கெடும் என்பதையும் கண்டிப்போடும் கனிவோடும் எடுத்துச் சொல்வோம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நோயுற்றவரை ஒதுக்காதிருப்போம். பி வகையும் சி வகையும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கைகுலுக்குவதாலோ, கட்டித் தழுவுவதாலோ பரவுவதில்லை. திருப்பலியில் சமாதானம் பகிர்வதாலும் பரவுவதில்லை. பரிசோதனை முடிவு வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது, வேலை போய்விடும் என்ற பயத்தில் எத்தனையோ பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் நம்மை நம்பிச் சொன்னால், அந்த இரகசியத்தைக் காப்பதும் பிறரன்புப் பணியே.

ஆண்டுதோறும் புளூம்பெர்க்கின் பிறந்த நாளான ஜூலை 28ஐ உலக ஹெபடைடிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதுவரை காத்திராமல், இந்த வாரமே நம் குடும்பத்தில் யார் யார் பரிசோதனை செய்துகொண்டோம் என்று கேட்போம். நோயுற்றோரைத் தொட்டுக் குணமாக்கிய இயேசு ஆண்டவர், நம் மருத்துவர்களின் கைகளையும் ஆய்வாளர்களின் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக. நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.