பழைய சரக்கு, புதிய சந்தை

பின்னறையில் விற்காமல் கிடக்கும் பழைய சரக்கைப் பார்த்தால் எந்த வியாபாரிக்கும் வயிறு எரியும். ஆனால் கணனி விளையாட்டுத் துறையில் இருபது வருடப் பழைய சரக்குத்தான் நல்ல காசு பார்க்கிறது. ஜப்பானின் கெப்கொம் நிறுவனம் 1998இல் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில் 2' விளையாட்டை 2019இல் அடியிலிருந்து புதிதாகச் செய்து விற்றது. முதற் பதிப்பு சுமார் 50 இலட்சம் பிரதிகள் போனது. மறுபதிப்போ ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. கதையும் பெயரும் ஏற்கனவே கையிலிருந்தன. விளம்பரத்தில் பாதி வேலையை வாடிக்கையாளரின் ஞாபகமே செய்தது. கணக்காளர்கள் ஐந்தொகையில் நன்மதிப்பு என்று எழுதுவது இதைத்தான்.

இதைவிடச் சுவையானது 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் கதை. 1999இல் வெளிவந்த இதில் ஸலாஹுத்தீன் ஐயூபி அவர்களின் போர்களை விளையாடலாம். சிறைப்பட்ட ஐரோப்பிய வீரன் ஒருவனே அவரைப் பற்றி மதிப்போடு கதை சொல்வான். அதைத் தயாரித்த என்செம்பிள் நிறுவனத்தை அதன் உரிமையாளரான மைக்ரோசொப்ட் 2009இல் மூடிவிட்டது. கடை பூட்டியாயிற்று, வாடிக்கையாளர் மட்டும் கலையவில்லை. இரசிகர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, சம்பளம் எதுவுமின்றி, விளையாட்டுக்குப் புதிய பகுதிகளைச் செய்தார்கள். மைக்ரோசொப்ட் அவர்களைத் துரத்தவில்லை. 2013இல் அவர்களின் வேலையையே உத்தியோகபூர்வ வெளியீடாக விற்றது. 2019இல் வந்த புதிய பதிப்பிலும் அதே குழுவின் கைதான். 2022இல் இராஜேந்திர சோழனும் பாபரும்கூட அதில் சேர்ந்தார்கள். வாங்க வந்தவனையே பங்காளியாக்கிய வியாபாரம் இது.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. பிளிசார்ட் நிறுவனம் 2002ஆம் ஆண்டின் 'வோர்கிராப்ட் 3' விளையாட்டை 2020 ஜனவரியில் புதுப்பித்து வெளியிட்டபோது, முன்னர் காட்டிய மாதிரிக்கும் கொடுத்த பொருளுக்கும் பெரும் வித்தியாசம் இருந்தது. காட்சிகள் சொன்னபடி இல்லை. பழைய பதிப்பை வைத்திருந்தவர்களும் புதியதற்கு மாற நேர்ந்து, இருந்த சில வசதிகளையும் இழந்தார்கள். கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மாதிரியை ஒன்றாகவும் சரக்கை வேறாகவும் காட்டினால் என்ன நடக்கும் என்பதைப் புடைவை வியாபாரிக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மறுபிறவிக்காகக் காத்திருக்கும் பெயர்களில் என் தெரிவு 'ரோட் ரேஷ்'. எலெக்ட்ரொனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் பந்தயம் அது. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவனை அடித்து விழுத்தலாம், பொலிஸ் துரத்தும். (பிள்ளைகளுக்கு உகந்ததா என்பது வேறு கேள்வி.) 2003இற்குப் பிறகு அந்தப் பெயரில் புதிய பாகம் எதுவும் வரவில்லை. ஆனால் தேவை சாகவில்லை. 2013இல் ஒரு சிறு குழு, அதே பாணியில் 'ரோட் ரிடெம்ஷன்' என்றொரு விளையாட்டைச் செய்யப் போகிறோம் என்று இரசிகர்களிடமே முன்பணம் திரட்டியது. 2017இல் முழுமையாக வெளியிட்டும் காட்டியது. பெயரை வைத்திருப்பவர் பெட்டிக்குள் பூட்டி வைக்க, பெயரில்லாதவர் அந்த வாடிக்கையை எடுத்துக்கொண்டார். தானாகச் செய்ய விருப்பமில்லாவிட்டால், அந்தப் பெயரை உரிமக் கட்டணத்துக்காவது அத்தகைய குழுவொன்றுக்கு அந்நிறுவனம் கொடுக்கலாம்.